இணைச்சீருக்கு அக்கா இல்லாத கல்யாணம்: நம்ம பக்கம் ஒத்தக் கொழந்தையோட ஏன் நின்னுட்டோம்?

நொய்யல்கரை (காங்கேயம்)
ஞாயிறு, காலை 6.40

வர்ற மாசம் எங்க பங்காளி வீட்டுல கல்யாணமுங்க. நேத்து கல்யாணச் சடங்கை நடத்தி வெக்கற அருமைக்காரர் வந்து திண்ணையில உக்காந்து சீர் சாமான் பட்டியல் எழுதிட்டு இருந்தாரு. கூறைச்சேலை, பேழைமூடின்னு எல்லாம் எழுதி முடிச்சுட்டு, கண்ணாடிய நெத்திக்கு ஏத்திக்கிட்டு, "இணைச்சீருக்கு யாருங்க நிக்கறது?"ன்னு கேட்டாரு. ஒருத்தரும் வாயத் தொறக்கல.

மாப்பிள்ளை ஒத்தப் பையன். அவங்கப்பாவும் ஒத்தப் பையன், அதனால பெரியப்பன் சித்தப்பன் மக்கன்னு ஆரும் இல்ல. அம்மா வழியில ஒரு சித்தி, அதுக்கு ஒரே புள்ள, பெங்களூர்ல வேலை. லீவு கெடச்சா வரும். இணைச்சீர்னா மாப்பிள்ளையோட கூடப்பொறந்தவ செய்யற சடங்கு, கூறைச்சேலையோட ஒரு முனையப் பிடிக்க அப்படி ஒருத்தி இல்லாம ஒரு கல்யாணம் எங்க ஊர்ல நின்னு யோசிச்சத இப்பத்தான் பாக்கறேன்.

ராத்திரி படுத்துட்டு எண்ணிப் பாத்தேன். எங்க அப்பாரு (தாத்தா) கூடப்பொறந்தவங்களோட ஏழு பேரு. எங்கப்பா மூணு பேரு. நாங்க ரெண்டு. எனக்கு ஒரே புள்ள, பதினொண்ணாவது படிக்குது. ஏழு, மூணு, ரெண்டு, ஒண்ணு. அடுத்த எண் என்னன்னு கணக்கு வாத்தியாரு யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

நானும் என் ஊட்டுக்காரியும் ரெண்டாவது வேண்டாம்னு உக்காந்து பேசி முடிவு பண்ணின மாதிரி ஞாபகமே இல்ல. போர் போட்டதுல தண்ணி வரல, கடனாச்சு, சித்தெ தள்ளிப் போடலாம்னோம். அப்பறம் அந்தப் பேச்சே வரல. உங்க ஊடுகள்ல எப்படி?

உண்மைவிளம்பி (ஈரோடு)
ஞாயிறு, காலை 8.05

இதுல ஆராய்ச்சி என்னங்க இருக்கு? ஆத்துல சாயத்தண்ணி, தட்டுல பிராய்லர் கோழி, மடியில லேப்டாப்பு. கொழந்தை வேண்டாம்னு ஆரும் சொல்லல, பொறக்கல, அவ்வளவுதான். ரோட்டுக்கு ரோடு கருத்தரிப்பு மையம் மொளச்சிருக்குதே, அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

புள்ளியாளர் (கோவை)
ஞாயிறு, காலை 9.30

சாயத்தண்ணீருக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பாசனத்துக்கென்று கட்டப்பட்டு சாயக்கழிவுத் தொட்டியாகிப் போனதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் நமக்குத் தெரிந்த கதை. கிணறு கெட்டது, காடு கெட்டது, அதெல்லாம் உண்மை. ஆனால் பிறப்பு குறைந்ததற்கு அதைக் காரணமாக்கினால் காலக்கணக்கு இடிக்கிறது. சாயக்கழிவு ஆற்றை நிறைக்கும் முன்பே கோவை, ஈரோடு பக்கம் குடும்பங்கள் சுருங்கத் தொடங்கிவிட்டன. நொய்யலே ஓடாத மேற்கு வங்கத்தில் என்ன நடந்தது? 2020இல் தமிழ்நாட்டுக்கும் மேற்கு வங்கத்துக்கும் டெல்லிக்கும் ஒரே எண்தான், 1.4.

அந்த எண் என்ன என்று கேட்பவர்களுக்கு: ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் பிள்ளைகள், மொத்தக் கருவள விகிதம். மாதிரிப் பதிவுத் திட்டத்தின்படி தமிழ்நாட்டில் அது 2023இல் 1.3 ஆகிவிட்டது. இந்தியா முழுக்க 1.9. தேசிய குடும்ப நல ஆய்வு (2019-21) தமிழ்நாட்டுக்கு 1.8 என்கிறது. ஒன்று வருடம் முழுக்க வீடுகளைப் பின்தொடர்ந்து பதிவது, மற்றது பெண்களிடம் போய்க் கடந்த மூன்று வருடத்துப் பிரசவங்களைக் கேட்பது, அதனால் இந்த வேறுபாடு. எதை எடுத்தாலும் ஒரு தலைமுறை தன்னை ஈடுசெய்துகொள்ளத் தேவையான 2.1க்குக் கீழேதான் இருக்கிறோம். அதைக் கடந்தே இருபது வருடத்துக்கு மேலாகிறது.

உண்மைவிளம்பி ஐயாவுக்கு ஒரே ஒரு எண். அதே குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 57.8 விழுக்காட்டினர் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். பிள்ளை உண்டாகாதவர் யாரும் ஆபரேஷன் செய்துகொள்வதில்லை.

குழந்தையின்மை இல்லை என்று சொல்லவில்லை. அது அந்தந்த வீட்டுக்குப் பெரிய துயரம். ஆனால் 7ஐ 1 ஆக்கியது அது இல்லை.

ஊசிமருந்து (சென்னிமலைப் பக்கம்)
ஞாயிறு, காலை 11.15

33 வருசம் கிராம சுகாதார செவிலியரா இருந்துட்டு போன வருசந்தான் ஓய்வு. நம்ம பக்கம் எப்படிக் குறைஞ்சுதுன்னு வாசல்ல நின்னு பாத்தவ நான், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

நான் சேந்தப்ப டார்கெட் உண்டு. இத்தனை கு.க. (குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்) கேஸ் கொண்டு வந்தாகோணும். மார்ச் மாசம் வந்துட்டா எங்களுக்குத் தூக்கமே கெடையாது, நானே ஆட்டோ பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி, கூடவே உக்காந்து, காப்பி வாங்கிக் குடுத்து, திருப்பிக் கொண்டாந்து விட்டிருக்கறேன். 1996ல அந்த டார்கெட்ட எடுத்துட்டாங்க. எடுத்தும் எண்ணிக்கை குறையல பாத்துக்கோங்க! வேற ஊர்ல வேலை பாத்த என் தோழிக கெஞ்சோணும், மறைஞ்சு நிக்கறவங்களத் தேடோணும்னு சொல்லுவாங்க. இங்க மாமியாரே வந்து, "நர்ஸம்மா, மருமகளுக்கு ரெண்டோட போதும், எழுதிக்கோங்க"ம்பாங்க. ஏன்னு கேட்டா ஒரே பதில்தான்: "இருக்கறது மூணு ஏக்கரு. நாலாப் பிரிச்சா வரப்புத்தான் மிஞ்சும்."

இன்னொண்ணு, பொறந்தது தங்கும்ங்கற நம்பிக்கை. எங்க அமுச்சி (பாட்டி) ஒம்போது பெத்து அஞ்சு மிஞ்சுச்சு. இப்ப தமிழ்நாட்டுல ஆயிரம் கொழந்தை பொறந்தா ஒரு வயசுக்குள்ள தவறறது 12, 13. அம்மைக்கும் பேதிக்கும் ஒண்ணு ரெண்டு போகும்னு எச்சாப் பெத்துக்கற காலம் போச்சு. தடுப்பூசி போட்டதே நாங்கதான், பொறப்பைக் குறைச்சதுல எங்க கையும் இருக்குதுன்னு வெச்சுக்கோங்க.

என் சப்சென்டர்ல ஆரம்பத்துல மாசம் எட்டு, ஒம்போது பிரசவம் பதிவாகும். கடைசி வருசம் நாலு வந்தா எச்சு. ஆனா வேலை குறையல. முன்ன வர்ற புள்ளைகளுக்கு இருபது, இருபத்தொண்ணு வயசு. இப்ப முப்பத்து மூணு, முப்பத்தஞ்சுல தலைச்சன் பிரசவம். குளுக்கோஸ் தண்ணி 75 கிராம் கரைச்சுக் குடுத்து ரெண்டு மணி நேரம் உக்கார வெச்சு ரத்தம் எடுப்போம், அதுல சக்கரை வர்றது நாளுக்கு நாள் எச்சாகுது. பிரசர், தைராய்டு, அப்பறம் சிசேரியன். 2019-21 ஆய்வுப்படி மாநிலத்துல பாதிக்குக் கொஞ்சம் கம்மி, 44.9 விழுக்காடு, கத்தி வெச்சுத்தான் பொறந்துது. "ஒண்ணே ஒண்ணுதானே நர்ஸம்மா, ரிஸ்க் எதுக்கு"ன்னு அவங்களே கேட்டு வாங்கிக்கறாங்க. ஒத்தக் கொழந்தைங்கறது ஆஸ்பத்திரிக்காரங்களையும் பயப்படுத்தி வெச்சிருக்குது.

அத்தைமகன் (தாராபுரம்)
ஞாயிறு, மதியம் 1.20

நீங்க எல்லாம் ரெண்டாவது கொழந்தையப் பத்திப் பேசறீங்க. எனக்கு இன்னும் பொண்ணே கெடைக்கல சாமி.

வயசு 37. நாலு ஏக்கர் தென்னை, சொந்தக் கெணறு, டிப்ளமா. ஒம்போது வருசமா ஜாதகம் சுத்துது, தாளு கசங்கி மூணு தடவை புதுசா ஜெராக்ஸ் எடுத்தாச்சு. பொண்ணு வீட்டுல கேக்கறது: கோயமுத்தூர்ல வீடு இருக்கா, மாசச் சம்பளம் இருக்கா, காடும் இருக்கோணும், ஆனா புள்ள காட்டுக்குப் போகக் கூடாது. எங்க ஊர்ல என் வயசுல பதினோரு பேரு இருக்கோம். டீக்கடையில தனி பெஞ்சே எங்களுக்கு உண்டு. தரகர் பாலக்காட்டுப் பக்கம் பாக்கலாங்கறாரு. எங்கம்மா வேண்டாம்னாங்க, போன மாசத்துல இருந்து "மலையாளம் கத்துக்கறது கஷ்டமாடா?"ங்கறாங்க.

புள்ளியாளர் (கோவை)
ஞாயிறு, மதியம் 2.10

அத்தைமகன், உங்கள் பெஞ்சுக்குக் காரணம் இன்றைய பெண்களின் கண்டிஷன் மட்டும் இல்லை. 2001 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகள்தான். 1992இல், வேண்டாத பெண் குழந்தையை அரசிடம் விட்டுச்செல்லும் தொட்டில் குழந்தைத் திட்டம் ஏன் சேலத்தில் தொடங்கப்பட்டது என்று யோசியுங்கள். ஒன்றே போதும் என்று முடிவெடுத்த வீடுகளில் அந்த ஒன்று எதுவாக இருக்க வேண்டும் என்பதையும் முடிவெடுத்தார்கள். கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 1994இல் வந்தது. அதற்குப் பிறகும் ஸ்கேன் அறைகளில் என்ன நடந்தது என்பதை ஊசிமருந்து அம்மாதான் சொல்ல வேண்டும்.

ஊசிமருந்து (சென்னிமலைப் பக்கம்)
ஞாயிறு, மதியம் 2.45

வாய்ல சொல்ல மாட்டாங்க கண்ணு. வெளிய வர்றவங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியும். மூணாம் மாசம் பதிஞ்ச புள்ள அஞ்சாம் மாசம் செக்கப்புக்கு வராது. வீட்டுக்குப் போனா, "தங்கல நர்ஸம்மா"ம்பாங்க. ரெஜிஸ்டர்ல நான் "கருக்கலைவு"ன்னு எழுதிட்டு வருவேன். அப்படி எழுதுன கை இதுதான்.

சிங்கர்டைலர் (திருப்பூர்)
ஞாயிறு, இரவு 10.50

இப்பத்தான் ஒன்றரை ஷிப்டு முடிச்சுட்டு வந்து எல்லாத்தையும் படிச்சேன்.

அத்தைமகன் அண்ணா, பொண்ணுங்க கண்டிஷன் போடறாங்கன்னு சொல்றீங்க. காட்டுக்குப் போக மாட்டேன்னு சொல்ற புள்ள தன் அம்மா காட்டுல பட்டதைப் பாத்து வளந்தது. அதை விடுங்க, என் கதையச் சொல்றேன்.

எனக்குச் சொந்த ஊர் தேனிப் பக்கம். பதினெட்டு வயசுல ஒரு மில்லுக்கு கேம்ப் கூலியா வந்தேன். மூணு வருசம் ஹாஸ்டல்லயே இருந்து வேலை செஞ்சா கல்யாணத்துக்கு மொத்தமாப் பணம்னு சொல்லிக் கூட்டிட்டு வருவாங்களே, அது. அப்பறம் பனியன் கம்பெனி. கல்யாணம் இங்கயே. பையனுக்கு அஞ்சு மாசம் ஆனப்ப வேலைக்குத் திரும்பினேன். பீஸ் ரேட்டு, காண்ட்ராக்ட் ஆளு, அதனால ஈ.எஸ்.ஐ. கிடையாது, பேறுகால லீவுச் சம்பளமும் கிடையாது.

அப்ப இருந்த கம்பெனில மாடிப்படிக்குப் பக்கத்துல 'குழந்தைகள் காப்பகம்'னு ஒரு போர்டு. கதவத் தொறந்தா நூல் கோன், அட்டைப்பெட்டி, ஒடஞ்ச மிஷின் ஸ்டாண்டு. வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வர்ற அன்னிக்கு மட்டும் பெட்டியெல்லாம் வெளிய போகும், தொட்டில் உள்ள வரும், ஒரு கரடி பொம்மை வரும். அந்தக் கரடிக்கு பிளாஸ்டிக் கவர் கூடப் பிரிக்கல. ஆடிட் முடிஞ்சதும் அதை பத்திரமா பீரோவுல வெச்சுடுவாங்க.

பால் கட்டிக்கிட்டு ஜாக்கெட்டெல்லாம் நனையும். சாப்பாட்டு பெல் அடிச்சதும் பாத்ரூம்ல போய்ப் பீச்சி விட்டுட்டு வந்து திரும்ப மிஷின்ல உக்காருவேன். ஒரு மாசம் அப்படி ஓட்டினேன். அப்பறம் பையனை ஊருக்கு அம்மாகிட்ட அனுப்பிட்டேன். மூணு வயசு வரைக்கும் என்னை "திருப்பூர் அம்மா"ன்னுதான் கூப்பிட்டான். எங்கம்மாவத்தான் "அம்மா"ன்னான்.

ரெண்டாவது எப்பன்னு கேக்கறவங்க முதல்ல அந்த ரூம்ல இருக்கற அட்டைப்பெட்டிய எடுக்கச் சொல்லுங்க.

புள்ளியாளர் (கோவை)
திங்கள், காலை 7.05

சட்டம் இல்லாமல் இல்லை என்பதுதான் இதில் எரிச்சல். முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே, 1976 திருத்தத்துக்குப் பிறகு, சொன்னது. பேறுகாலப் பயன் சட்டத்தில் 2017இல் கொண்டுவந்த திருத்தம், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனமானாலும் வேண்டும் என்றது, விடுப்பையும் 26 வாரமாக்கியது. தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 2021 முதல் 12 மாதம். எங்கள் கல்லூரியில் அரசுச் சம்பளம் வாங்கும் பேராசிரியைக்கு ஒரு வருடம், அதே வளாகத்தைப் பெருக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு எத்தனை நாள் என்று நான் கேட்டதில்லை. இன்று கேட்கப்போகிறேன்.

தறிச்சத்தம் (குமாரபாளையம்)
திங்கள், காலை 9.40

எங்க ஊர்ல காரணம் ஒரே வார்த்தை: ஃபீஸ்.

நான் தறி ஓட்டறவன். எனக்கு ரெண்டு பசங்க. பெரியவனை நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளில ரெண்டு வருசம் போட்டேன், டாக்டராக்கிடலாம்னு. வருசத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல. தறிப்பட்டறை முதலாளிகிட்ட முன்பணம் வாங்கிக் கட்டினேன், அதை இன்னும் கழிச்சுட்டு இருக்கேன். ஞாயித்துக்கெழமை பாக்கப் போனா கேட்டுக்கு வெளிய நூத்துக்கணக்குல அப்பா அம்மாக்க, டிபன் கேரியரோட வேப்பமரத்தடில. பெத்த புள்ளைய அரை மணி நேரம் பாக்க மனு போட்டு நிக்கறோம். பிராய்லர் பள்ளின்னு கிண்டல் பண்ணிட்டே நாங்களும் வரிசைல நிக்கறோம். சின்னவனுக்கு அந்த யோகம் இல்ல, அரசுப் பள்ளிதான், அவன்தான் நல்லாப் படிக்கறான், அது வேற கதை.

என்கூடத் தறி ஓட்டற பசங்க இப்ப ஒண்ணோட நிறுத்திக்கறாங்க. "ரெண்டு பேரைச் சுமாராப் படிக்க வெக்கறதுக்கு ஒருத்தனை நல்லாப் படிக்க வெச்சுக்கறேன்"ங்கறான். தப்புன்னு எப்படிச் சொல்றது?

நம்ம ஈரோட்டுக்காரர் பேரையும் இந்த இழைல சொல்லிடறேன். அரசாங்கம் கு.க.ன்னு கெளம்பறதுக்கு ரொம்ப முன்னாடியே, 1930 வாக்குல, பெரியார் குடி அரசுல கர்ப்பத்தடையப் பத்தி எழுதினாரு. மத்தவங்க நாட்டுக்கு நல்லது, குடும்பப் பொருளாதாரத்துக்கு நல்லதுன்னாங்க. அவரு பொம்பளையோட விடுதலைக்குன்னாரு. நாம கர்ப்பத்தடைய எடுத்துக்கிட்டோம், விடுதலைய விட்டுட்டோம். இல்லன்னா ஆபரேஷன் பண்ணிக்கறதும் அவங்களாவே ஏன் இருக்கோணும்? ஆம்பளை ஆபரேஷன் நூத்துல ஒண்ணு கூட இல்ல.

கொரியாக்காரன் (சுவோன், சொந்த ஊர் கோபி)
திங்கள், மதியம் 12.15

தறிச்சத்தம் அண்ணன் எழுதினதப் படிச்சுட்டு சோறு எறங்கல. இங்க தென் கொரியாவுலயும் அச்சு அசல் இதே கதைங்க.

2023ல இங்க கருவள விகிதம் 0.72. அடுத்த வருசம் 0.75ன்னு லேசா ஏறுச்சு, அதுக்கே டிவில கொண்டாடினாங்க. ஒரு வயசு முடியற வரைக்கும் கொழந்தைக்கு மாசம் பத்து லட்சம் வோன் அரசாங்கம் குடுக்குது, நம்ம காசுக்கு அறுபதாயிரம் பக்கம் வரும். என்கூட வேலை பாக்கறவர்கிட்ட, இத்தனை குடுத்தும் ஏனுங்க ஒண்ணோட நிறுத்தீட்டீங்கன்னு கேட்டேன். "ஒரு வருசத்துக்குக் காசு குடுக்கறாங்க, கொழந்தை இருபத்தஞ்சு வருசம் இருக்குமே"ன்னாரு. இங்க ஹாக்வோன்னு தனிப்பயிற்சிக் கூடம். ராத்திரி பத்து மணிக்கு அது விட்டு, பசங்க தூக்கக் கலக்கத்துல வேனுக்கு நிப்பாங்க. பாக்கறப்பெல்லாம் எனக்கு ராசிபுரம் ரோட்டு ஹாஸ்டல் பள்ளிக ஞாபகம் வரும்.

ஒரு காலத்துல இவங்களும் ரெண்டு போதும், அப்பறம் ஒண்ணே போதும்னு சுவத்துல எழுதினவங்கதான். சுவத்துல எழுதினத அழிச்சுட்டாங்க, மனசுல எழுதினத அழிக்க முடியல.

பதினாறு (பெருந்துறை)
திங்கள், மதியம் 3.30

யாரும் முக்கியமானதப் பேச மாட்டேங்கறீங்க. எம்.பி. சீட்டு! ஜனத்தொகையக் கட்டுப்படுத்தின நமக்கு இருக்கற 39 சீட்டு குறையும், கட்டுப்படுத்தாதவனுக்கு ஏறும். அதனாலதான் 2024 அக்டோபர்ல ஆந்திராவுல சந்திரபாபு நாயுடு எச்சாப் பெத்துக்கச் சொன்னாரு, அதே மாசம் நம்ம ஸ்டாலின் கல்யாண மேடைல பதினாறும் பெறலாமான்னு கேக்கற நெலமைன்னாரு. இனத்துக்காகவாவது மூணு பெத்துக்கோணும். இல்லன்னா நம்ம ஊர வடக்கத்தியானுக்கு எழுதிக் குடுத்துட்டுப் போகோணும்.

சிங்கர்டைலர் (திருப்பூர்)
திங்கள், இரவு 10.40

எம்.பி. சீட்டுக்கு நான் பத்து மாசம் சுமக்கணுமா அண்ணா? நல்லா இருக்கு.

நெறியாளர்
திங்கள், இரவு 11.00

வெளிமாநிலத் தொழிலாளர்களைக் கேவலமாகப் பேசிய நான்கு பதிவுகளை நீக்கியுள்ளேன். தொகுதி மறுவரையறைக்குத் தனி இழை ஏற்கெனவே ஓடுகிறது. 1971 கணக்கெடுப்பின்படி உறைந்திருக்கும் தொகுதிக் கணக்கு, 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு, எல்லாவற்றையும் அங்கே சண்டை போட்டுக்கொள்ளவும். இங்கே குடும்பமும் ஆஸ்பத்திரியும் மட்டும்.

ஊசிமருந்து (சென்னிமலைப் பக்கம்)
செவ்வாய், காலை 6.20

நெறியாளர் தம்பி நீக்குனது நல்லது. வடக்கத்தியான்னு பேசறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். என் கடைசி வருசத்துல மாசம் நாலு பிரசவம்னு சொன்னேன் இல்ல, அதுல ஒண்ணு மில் குவாட்டர்ஸ்ல இருக்கற ஒடியாக்காரப் புள்ளையோடது. பிக்மி நம்பர் (கர்ப்பப் பதிவு எண்) போடறதுக்குப் பேரு கேட்டா அதுக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அதோட பாஷை தெரியாது. ஆதார்ல ஒரு ஊரு, வாயில ஒரு ஊரு. ஆறாம் மாசம் ஊருக்குப் போயிட்டு எட்டாம் மாசம் ரயில்ல திரும்பி வருது, நடுவுல ஊசி போட்டாங்களா இல்லையான்னு சொல்ல ஒரு சீட்டு இல்ல. நாளைக்கு நம்ம மில்லு ஓடறதும் தோட்டத்துல தேங்கா எறங்கறதும் அந்தக் கொழந்தைக வளந்துதான். அவங்களுக்கு ஒழுங்கா ஒரு தாய் சேய் அட்டை போறதுக்கு வழி பண்றதும் சுகாதாரக் கொள்கைதான் கண்ணு.

பணம் குடுத்தா பெத்துக்குவாங்களான்னா, நம்ம ஊர்லயே பாத்தாச்சு. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல கர்ப்பிணிகளுக்கு 18,000 குடுக்கறாங்க. 1987ல 300 ரூபாயா ஆரம்பிச்சது. நல்ல திட்டம், அந்தப் பணத்துல பேரீச்சம்பழமும் முட்டையும் வாங்கித் தின்ன புள்ளைகளை எனக்குத் தெரியும். பெத்துக்க வந்தவ நல்லாப் பெத்துட்டுப் போனா, அவ்வளவுதான். 18,000க்காக ஆரும் ரெண்டாவது பெத்துக்கல.

எனக்கு ஆத்த மாட்டாதது ஒண்ணு இருக்குது. முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம். ஒரே பொம்பளைக் கொழந்தைன்னா 50,000, ரெண்டு பொம்பளைக் கொழந்தைன்னா ஆளுக்கு 25,000 வைப்புத்தொகை. அதுக்கு நான் வாங்கோணும்னு சொன்ன சான்றிதழ்ல முக்கியமானது கருத்தடை ஆபரேஷன் சர்டிபிகேட். ஒரு பக்கம் கொழந்தை குறையுதுன்னு கவலை, இன்னொரு பக்கம் புள்ளைக்குப் பணம் வேணும்னா ஆபரேஷன் பண்ணீட்டு வா. 26 வயசுல பண்ணிக்கறாங்க. அதுக்கப்பறம் ஒரு வாழ்க்கை முழுசா பாக்கி இருக்குது.

ஒரு வீடு. ஊர் சொல்ல மாட்டேன். ஒத்தப் பையன், காலேஜ் ரெண்டாம் வருசம், பைக்குல போயி லாரில... காரியம் முடிஞ்சு மூணாம் மாசம் அந்தம்மா என் சப்சென்டருக்கு வந்துச்சு. அதுக்கு 43 வயசு. முந்தானைக்குள்ள ஒரு பழைய பிளாஸ்டிக் கவர், உள்ள மஞ்சளாப் போன ஒரு சீட்டு. இருவது வருசத்துக்கு முந்தி நான் கையெழுத்துப் போட்ட ஆபரேஷன் சீட்டு. "இதை மாத்த முடியுங்களா நர்ஸம்மா?"ன்னு கேட்டுச்சு. நான் அந்தச் சீட்டையே பாத்துட்டு இருந்தேன். அப்பறம் தனியார்ல ரெண்டு தடவை ஐ.வி.எஃப். பண்ணி, ஒரு ஏக்கரு போச்சு, நிக்கல.

சென்னை எழும்பூர்ல 2024ல அரசு கருத்தரிப்பு மையம் தொறந்திருக்காங்க. சந்தோசம். சென்னிமலைல இருந்து எழும்பூருக்கு மாசம் அஞ்சு தடவை ஆரு போவாங்க? கோயமுத்தூர், சேலத்துல ஒண்ணு வேணும். பெறாதவங்களப் பெறச் சொல்லி மிரட்டறத விட்டுட்டு, வேணும்னு அழறவங்களுக்கு மொதல்ல வழி பண்ணுங்க.

நொய்யல்கரை (காங்கேயம்)
செவ்வாய், காலை 7.45

அக்கா, படிச்சுட்டு கொஞ்ச நேரம் தோட்டத்துல போயி நின்னுட்டு வந்தேன்.

புள்ளியாளர் (கோவை)
செவ்வாய், இரவு 8.30

பிறப்பு குறைவதன் மறுமுனை முதுமை. 2011இல் தமிழ்நாட்டில் அறுபது தாண்டியவர்கள் 10.4 விழுக்காடு. 2031இல் 18.2 ஆகும் என்று மதிப்பிடுகிறார்கள். ஐந்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் பிரசர், சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு போகிறது, படுக்கையில் கிடப்பவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. சரியான திசை. ஆனால் நம் சுகாதாரக் கட்டமைப்பின் எலும்புக்கூடு இன்னும் தாய் சேய் நலத்துக்காகப் போட்டது. ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அங்கே ஒரு செவிலியர், அவர் கையில் தடுப்பூசிப் பெட்டி. மாதம் நான்கு பிரசவமும் அறுநூறு முதியவர்களும் உள்ள ஊரில் அந்தச் செவிலியரின் நாள் எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது புதிதாக உட்கார்ந்து வரைய வேண்டும். கொழந்தை எடை பார்க்கும் தொட்டில் தராசு இருக்கும் அறையில், விழுந்து இடுப்பு ஒடிந்த கிழவிக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடிக் கம்பி இல்லை.

அத்தைமகன் (தாராபுரம்)
செவ்வாய், இரவு 9.15

அறுநூறு முதியவர்ல எங்கப்பன் ஒருத்தர். போன ஆடில வழுக்கி விழுந்து தொடை எலும்பு போச்சு. குளிக்க வெக்கறது, துணி மாத்தறது எல்லாம் நாந்தான். மருமகள் வந்து பாப்பான்னு பெத்தவங்க கணக்குப் போட்டாங்க, மருமகளே வரல. ஆம்பளை செய்ய மாட்டான்னு சொல்றாங்களே, செய்யறேனுங்க. எப்படித் தூக்கி உக்கார வெக்கறதுன்னு சொல்லிக் குடுத்தது வாரத்துக்கு ஒருக்கா வீட்டுக்கு வர்ற பிசியோதெரபி தம்பிதான். முதல்ல முதுகு பிடிச்சுக்கிச்சு, இப்பப் பழகிருச்சு.

சிங்கர்டைலர் தங்கச்சி, நான் அன்னிக்கு எழுதினது தப்புதான். சொல்லோணும்னு தோணுச்சு.

சிங்கர்டைலர் (திருப்பூர்)
செவ்வாய், இரவு 11.10

பரவால்லண்ணா. பையன் இப்ப எங்கூடத்தான் இருக்கான், அஞ்சாவது. தூங்கறதுக்கு முன்னாடி கதை கேக்கறான், எனக்குத்தான் கண்ணு சொக்குது.

தறிச்சத்தம் (குமாரபாளையம்)
புதன், காலை 10.05

புள்ளியாளர் சார், பெருக்கற அம்மாவுக்கு எத்தனை நாளுன்னு கேட்டீங்களா?

புள்ளியாளர் (கோவை)
புதன், மதியம் 1.00

கேட்டேன். "பிரசவத்துக்குப் போனால் வேறு ஆள் போட்டுக்கொள்வார்கள் சார்" என்றார். கல்லூரி முதல்வருக்கு எழுதியிருக்கிறேன். பதில் வந்தால் சொல்கிறேன்.

நொய்யல்கரை (காங்கேயம்)
ஒரு மாதம் கழித்து, வெள்ளி, மாலை 5.30

கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதுங்க. இணைச்சீர் என்னாச்சுன்னு நாலு பேரு தனி மடல்ல கேட்டிருந்தீங்க.

பெங்களூர்ப் புள்ளைக்கு லீவு கெடைக்கல. அருமைக்காரரே எங்க கூட்டத்துல (குலத்துல) தேடிப் பிடிச்சு, வெள்ளகோவில்ல கட்டிக் குடுத்த ஒரு புள்ளையக் கூட்டியாந்தாரு. மாப்பிள்ளைக்கு அது ஆறு தலைமுறை தள்ளி அக்கா முறை, மண்டபத்துலதான் முதல் தடவை ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. புள்ள அச்சுப் பிசகாம செஞ்சுது. கூறைச்சேலை முனையப் பிடிச்சுட்டு நின்னப்ப மாப்பிள்ளை கண்ணு கலங்குச்சு, ஏன்னு அவனுக்கே தெரியல.

பந்தி முடிஞ்சு வெத்தலை போடறப்ப அருமைக்காரர் நோட்டை எடுத்து அந்தப் புள்ளைகிட்ட, "அம்மணி, வர்ற 27ந்தேதி மூலனூர்ல ஒண்ணு, தை பொறந்தா முத்தூர்ல ஒண்ணு. நம்ம கூட்டந்தான், அங்கயும் பையனுக்குக் கூடப்பொறந்தது இல்ல. வந்துருவியா?"ன்னு கேட்டாரு. அதோட வீட்டுக்காரர் பக்கத்துல நின்னு, "பஸ் சார்ஜாவது குடுங்க"ன்னு சிரிக்கறாரு.

அத்தைமகன் (தாராபுரம்)
வெள்ளி, மாலை 5.50

நாங்களும் அந்தக் கூட்டந்தானுங்க. அருமைக்காரர் நோட்டுல தையில என் பேரையும் ஒரு ஓரத்துல எழுதி வெக்கச் சொல்லுங்க. பொண்ணு கெடச்சதும் தேதி சொல்றேன்.